ஒரே துணி

பிரசவ வார்டு ஆயாக்கள் நாலு பேரும் வரிசையில் நின்றார்கள். லேப் ஆள் திருமூர்த்தி நீட்டிய ஒவ்வொரு கையிலும் பஞ்சுக் குச்சியை உருட்டிக் கண்ணாடிக் குழாயில் போட்டு மூடினார். அறுபத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை. நாலே நாளில் மூன்று பச்சைப் பிள்ளைகள் தொப்புளில் சீழ் பிடித்துச் செத்திருந்தன. கிருமி ஆயாக்கள் கையில்தான் என்று டாக்டர் முடிவு கட்டிவிட்டார்.

கடைசியில் நின்ற சுப்பாத்தாள் கையை நீட்டவில்லை.

"ஏனுங்க, எங்க கை மட்டுந்தானுங்களா? டாக்டரய்யா கையையும் எடுக்கோணுமில்லீங்க?"

"சும்மா இரு ஆயா. எம்பொழப்பையும் சேத்துக் கெடுத்துருவே போலிருக்குது" என்றார் திருமூர்த்தி.

வார்டுக் குழாயில் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. ஆயாக்கள் வீட்டிலிருந்து அரப்புத்தூள் கொண்டுவந்து தேய்த்துக் கழுவினார்கள். டாக்டருக்கு அந்தச் சிரமமெல்லாம் எதற்கு? கம்பெனி முதலாளி ஒருவர் தருமத்துக்கு அனுப்பும் பனியன் கழிவுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. முதல் தொட்டிலிலிருந்து பன்னிரண்டாவது வரை ஒரே துணியில் கையைத் துடைத்துக்கொண்டே போவார்.

அன்றும் அப்படித்தான் வந்தார். மூன்றாவது தொட்டிலில் சீழ் வைத்த பிள்ளையைத் தொட்டார், துடைத்தார், நாலாவதுக்கு நகர்ந்தார். சுப்பாத்தாள் குறுக்கே நின்றாள்.

"கையக் கழுவீட்டுத் தொடுங்க சாமி."

"யாருகிட்டப் பேசறேன்னு தெரியுதா? இன்னியோட உனக்கு வேலை இல்ல!"

"வேலை போனாப் போச்சாதுங்க. பனியன் கம்பெனில பிசிறு வெட்டிப் பொழச்சுக்குவேன். செத்த புள்ளைக திரும்பி வருமுங்களா?"

நாலாவது பிள்ளையின் தாய் மயிலாத்தாள் கட்டிலைவிட்டு இறங்கிப் பிள்ளையை வாரி மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"ஆயா சொல்றாப்புல செய்யுங்க. இல்லீன்னா எம்புள்ளயத் தொட உட மாட்டேன்."

அடுத்த கட்டில்காரி எழுந்தாள். அதற்கடுத்தவளும். கொஞ்ச நேரத்தில் வார்டில் ஒரு தொட்டிலிலும் பிள்ளை இல்லை.

டாக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. சுப்பாத்தாள் அரப்பைக் கொடுத்துச் சொம்புத் தண்ணீரை ஊற்ற, முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். மிச்சமிருந்த ஒன்பது பிள்ளைகளையும் அப்படியே, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை கழுவிக் கழுவித்தான் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று மேசைக்குப் போய்த் தாளை இழுத்து எழுதி அவள் பக்கம் தள்ளினார்.

சுப்பாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. நர்சு சாரதாமணி வாங்கி மெதுவாக வாசித்தாள்.

"வேலை நீக்கம். காரணம், கை சுத்தமின்மை."

தாளின் ஓரத்தில் டாக்டரின் ஈர விரல்கள் அஞ்சும் பதிந்து, மை கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.