வாடகைக்கு ஒரு கிதார்

கடைக்காரம்மா சில்லுவின் இடது கையை நீட்டச் சொல்லி, தோளிலிருந்து விரல் நுனிவரை டேப்பை ஓட்டினார். "முழு சைஸ் இப்போ வேணாம். இவளுக்கு முக்கால் சைஸ்தான் சரி" என்று சொல்லி, சுவரில் தொங்கிய ஒன்றை இறக்கி அவள் மடியில் சாய்த்தார். நைலான் தந்தி போட்டது. பிஞ்சு விரலை அறுக்காதாம்.

சில்லு என்பது மாமா வைத்த செல்லப் பெயர். ஓரிடத்தில் நிற்காமல் தெறித்துக்கொண்டே இருப்பாள் என்பதால். அந்தச் சில்லு இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்கும் குழந்தையை மடியில் வாங்கியவள் போல அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கிக்கிறீங்களா, இல்ல வாடகைக்கா?"

"வாங்கிக்கிறோம்" என்றாள் சில்லுவின் அம்மா.

"எதுக்கும் யோசிச்சுக்கோங்க. வளர்ற பொண்ணு. கொஞ்ச நாள்ல இது சின்னதாயிடும். முதல்ல வாடகைக்கு எடுங்க, பிடிச்சுதுன்னா அப்புறம் வாங்கிக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க."

வியாபாரம் தெரியாத கடைக்காரம்மாவாக இருக்கிறாரே என்று சில்லுவின் அம்மாவுக்குத் தோன்றியது. ஆனால் யோசிக்க அவளுக்கு எதுவுமில்லை. சில்லுவுக்கு மாமா கொடுத்த வாக்கு இது. நுரையீரல் கைவிட்டு ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்த அண்ணன், காலையில் அவளையும் சில்லுவையும் வலுக்கட்டாயமாகத் துரத்திவிட்டிருந்தான். 'நான் எங்கேயும் ஓடிட மாட்டேன். போய்க் கிதாரோட வாங்க' என்றான். அதற்குச் சற்று முன்புதான் டாக்டர் அவளையும் அண்ணியையும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, வரவேண்டியவர்களை வரச்சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். மாமா வாங்கிக் கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள வீட்டில் ஒரு பொருள் இருக்கவேண்டும் என்று அவள் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். வாடகைப் பொருளைக் காட்டி யார் அப்படிச் சொல்லமுடியும்?

பையிலிருந்த போன் அதிர்ந்தது. அண்ணி. அவள் அவசரமாக எடுத்தாள்.

"பயப்படாதே. உங்கண்ணன்தான் பேசணுங்கிறாரு. காதுல வெச்சுப் பிடிச்சிருக்கேன், சீக்கிரம் பேசிடு."

மறுமுனையில் மூச்சுதான் முதலில் வந்தது. பிறகு குரல்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுண்ணா. வாங்கப்போறோம். நல்ல மரம், சத்தம் அவ்வளவு இதமா இருக்கு."

"வாங்காதே. வாடகைக்கு எடு."

"ஏண்ணா? நீ ஆசையா வாங்கிக் கொடுக்கிறேன்னு சொன்னது..."

"வாங்கிட்டா..." மூச்சுக்காக நின்றான். "அவ வாசிச்சே ஆகணும். நீ கீபோர்டு வாசிச்ச மாதிரி."

அவள் கடையின் வாசல்பக்கம் நகர்ந்தாள்.

பக்கத்து வீட்டுக் கீபோர்டைச் சின்ன வயதில் ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு 'நல்லா இருக்குல்ல' என்று அவள் சொன்னதுதான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அண்ணன்தான் எல்லாம். லிப்ட் மெக்கானிக் வேலையில் சேர்ந்த புதிது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய், சில மாதம் கழித்து அதே மாதிரி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றான். அவளுக்கோ தாளமும் வரவில்லை, சுரமும் வரவில்லை. ஆனாலும் அவன் கிரீஸ் கையோடு வந்து தரையில் சம்மணம் போட்டு 'எங்கே, வாசி' என்று உட்காரும்போது வாசிக்காமல் எப்படி இருப்பது? பள்ளிக்கூடம் முடிகிறவரை வாசித்தாள்.

"எனக்குப் பிடிக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டாவது மாசமே தெரியும். மூஞ்சியப் பார்த்தா தெரியாதா?"

"அப்போ ஏண்ணா நிறுத்தச் சொல்லல?"

மறுமுனையில் அண்ணி ஏதோ சொல்ல, 'இரு' என்று அவளை அடக்கினான்.

"நீ எனக்காக வாசிச்சே. எனக்குன்னு ஒருத்தி உக்காந்து... அவ்வளவு மோசமா வாசிக்கிறா." சிரிக்கப் போய் இருமினான். "நிறுத்துன்னு சொல்ல மனசு வரல. நாள் பூரா லிப்ட்டோட இருட்டுக் கிணத்துக்குள்ள தொங்கிட்டு வர்றவனுக்கு அதுதான் வீடு மாதிரி இருந்துது. ஆனா சில்லு யாருக்காகவும் வாசிக்க வேணாம். புரியுதா?"

"புரியுதுண்ணா."

"வரும்போது படியேறி வாங்க. இந்த ஆஸ்பத்திரி லிப்ட்டுல ஒரு உதறல் இருக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "வாடகைக்கே எடுத்துக்கிறோம்மா" என்றாள். கடைக்காரம்மா உறைக்குள் கிதாரை வைத்து, தோள்பட்டையைச் சில்லுவின் உயரத்துக்கு இழுத்துச் சரிசெய்து கொடுத்தார்.

அவர்கள் போனபோது அண்ணனைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். சில்லு கட்டிலின் கால்மாட்டில் ஏறிக் கிதாரை மடியில் வைத்தாள்.

"என்ன வாசிக்கப் போறே?"

"எனக்கு ஒண்ணுமே தெரியாதே மாமா. கிளாஸ் இனிமேதான்."

"அதனாலென்ன. தெரியாததையே வாசி."

சில்லு தடித்த தந்தியைக் கட்டைவிரலால் தட்டினாள். அது அறை முழுக்கப் பரவி அடங்கியது. அடங்கும்வரை அவன் காத்திருந்து, விரலால் இன்னொன்று என்று சைகை காட்டினான். சில்லு அடுத்ததைத் தட்டினாள். ஒவ்வொன்றாக, மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாக. பக்கத்துப் படுக்கைக்காரர் தடுப்புத் துணியை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"உங்கம்மாவைவிடத் தேவல" என்றான் அண்ணன்.

அண்ணி சிரித்துவிட்டாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தார்கள். சில்லுவின் அம்மாவும் சிரித்தாள். சிரிக்கும்போதே அண்ணனின் பாதத்தைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டாள். சொல்லவேண்டியது நிறைய இருந்தது. வாயைத் திறந்தால் நன்றி என்ற ஒற்றைச் சொல்தான் வரும்போல் இருந்தது. அதை அண்ணனிடம் போய் எப்படிச் சொல்வது? பாதத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவன் கட்டைவிரலை ஒருமுறை அசைத்தான்.

பிறகு கண்ணயர்ந்தான். மத்தியானம் தாண்டி, தூக்கத்திலேயே மூச்சு நின்றது. அண்ணிதான் முதலில் கவனித்தாள். நர்ஸைக் கூப்பிடுவதற்கு முன் அவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

மறுநாள் எல்லாம் முடிந்தது. லிப்ட் கம்பெனிக்காரர்கள் சீருடையோடு வந்து, தோள் கொடுத்து, அழுதுவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் கலைந்தபிறகு வீட்டில் சில்லுவும் அவள் அம்மாவும் அண்ணியும் மட்டும் இருந்தார்கள். சில்லுவின் அப்பா நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தான்.

அண்ணி உள்ளே படுத்திருந்தாள். சில்லு கட்டிலில் கிதாரோடு உட்கார்ந்து, தட்டாமல் வெறுமனே தந்திகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாமா போயிட்டாங்கல்ல. இனிமே நான் இதைக் கண்டிப்பா கத்துக்கணுமா?"

ஆமாம் கண்ணு, மாமாவுக்காக, என்று அவள் நாக்குநுனிவரை வந்துவிட்டது. வந்ததை விழுங்கினாள்.

"உனக்குப் பிடிச்சா கத்துக்கோ. பிடிக்கலன்னா திருப்பிக் கொடுத்துடலாம்."

"மாமா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"மாட்டாரு. அவருதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு."

சில்லு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கீழே தெருவில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பந்து சுவரில் மோதும் சத்தம் கேட்டது.

"இப்போ விளையாடப் போகட்டுமா?"

"போயிட்டு வா."

கிதாரைக் கட்டிலில் மல்லாத்திப் போட்டுவிட்டுச் செருப்புகூட மாட்டாமல் படிகளில் தடதடவென்று ஓடினாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக ஏறி வந்து கிதாரின் மேல் விழுந்திருந்தது. அம்மா எழுந்து போய்த் திரைச்சீலையைப் பாதிவரை இழுத்துவிட்டாள்.