களைப்புக்கு ஒரு கட்டம்

"பெரட்டு கலையப் போகுது. ஒனக்கு இன்னும் சடை பின்னி முடியலையா?"

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு மருமகளை அவசரப்படுத்தினாள் மாமியார் வீரம்மா. நாகலெட்சுமி தலை வாரத் தூக்கிய கையைப் பாதியிலேயே இறக்கி மடியில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் உறங்கி எழுந்தவளுக்கு, பகலெல்லாம் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவளைப் போல உடம்பு கனத்தது.

"ஜீவராஜை வயித்துல வச்சுக்கிட்டு, வலி எடுக்குற அன்னைக்கு வரைக்கும் மலையில நின்னவ நான். இந்தக் காலத்துப் பொம்பளைக்குக் குந்தியிருந்தாலே களைப்பு."

இது அந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களே மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இரண்டு வருசத்துக்கு முன்னால், கொத்மலைப் பக்கத்திலுள்ள அந்தத் தோட்டத்தில் லயம் லயமாக ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நாகலெட்சுமிக்கும் காய்ச்சல் விட்டது. போன பலம் மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு நாள் மலைக்குப் போனால் அடுத்த இரண்டு நாள் பாயோடு கிடந்தாள். கொழுந்து நிறை குறைந்ததால் அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்டார்கள். பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. தோட்டத்து மருந்துக்காரர் பனடோல் கொடுத்தார், சத்து மாத்திரை கொடுத்தார், கடைசியில் புத்தி கொடுத்தார்: "சும்மா படுத்தா ஒடம்பு இன்னும் கெட்டுப்போகும்மா. எழும்பி வேலையைப் பாரு."

அந்த வீட்டில் களைப்பு புதிய விசயம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டுத் திங்கட்கிழமை அவள் புருசன் ஜீவராஜ் எழும்பாவிட்டால், "தம்பிக்கு ஒடம்புக்குச் சொகமில்ல, பாத்திரத்தை உருட்டாதே" என்பாள் வீரம்மா. ஆம்பிளைக்கு வந்தால் அது நோய். பொம்பிளைக்கு வந்தால் குணக்கேடு.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று முதலில் சொன்னது டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் ஷாமிலா. எல்லா இரத்தப் பரிசோதனையும் சரியாக வந்த பிறகும் அவர் மருந்துத் துண்டை மடித்துவைக்கவில்லை. "வேலை செஞ்ச அன்னைக்கு முடியாம இருக்கா, அடுத்த நாளா?" என்று கேட்டார். அப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை.

"அடுத்த நாள்தான், டொக்டர். செய்யிற நேரம் எப்படியோ செஞ்சிருவேன். மறுநாள் கைகால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கும்."

"இது நாட்பட்ட களைப்பு நோய். நீங்க நடிக்கல. மருந்து பெருசா இல்ல, அளவா வேலை செய்யணும், களைக்கிறதுக்கு முந்தியே ஓயணும்" என்று டொக்டர் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். நாகலெட்சுமிக்குக் கண் கலங்கியது. நோய் இருக்கிறது என்று கேட்டுச் சந்தோசப்பட்ட நோயாளி அன்று அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

வீட்டில் அந்தக் கடிதத்தை யாரும் மதிக்கவில்லை, இயலாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுப்பனவு தருகிறது என்று ஜீவராஜ் தேயிலைத் தொழிற்சாலையில் கேள்விப்படும் வரை. அன்று பின்னேரம் வந்தவுடன் அவனே கடிதத்தைத் தேடினான்.

"டொக்டர் துண்டு எங்க? பத்திரமா வச்சிருக்கியா?"

விண்ணப்பத்தை நிரப்பியது மகள் சுலக்ஷனா. ஓ.எல். பரீட்சை எடுக்க இருப்பவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். 'குறைபாட்டின் வகை' என்ற இடத்தில் பேனை நின்றது. பார்வை, செவி, கை, கால், மனவளர்ச்சி என்று கட்டங்கள் இருந்தன. களைப்புக்குக் கட்டம் இல்லை. அதைக் கேட்கக் கிராம சேவகரிடம் போனபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மஹன்சியா? மட்டத் மஹன்சி தமய்" என்று சிங்களத்தில் சொன்னார். களைப்பென்றால் தனக்கும் களைப்புத்தான் என்று அர்த்தம். ஆனாலும் மனிதர் நல்லவர். 'ஏனையவை' என்ற வரியில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வீட்டு நிலைமையைப் பார்க்க ஒரு நாள் வருவேன் என்றும் சொன்னார். எந்த நாள் என்று சொல்லவில்லை.

அந்தச் சொல்லாத நாளால்தான் எல்லாம் மாறியது. கிராம சேவகர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வரும்போது நாகலெட்சுமி தண்ணீர்க் குடத்தோடு நின்றால் காரியம் கெட்டுவிடும். ஆகவே தண்ணீர் எடுக்கப் பீலிக்கு ஜீவராஜ் போனான். பார்த்துச் சிரித்தவர்களிடம், "அப்ளிகேசன் போட்டிருக்கு" என்றான். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. வீரம்மா அடுப்பு மூட்டினாள். நாகலெட்சுமி விளக்குமாற்றைத் தொட்டால், "வை கீழே, யாராவது பாத்துறப் போறாங்க" என்று அதட்டினாள். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. கல்யாணமாகிப் பதினேழு வருசத்தில் அவள் அப்படி ஓய்ந்திருந்ததில்லை. சடையை ஒரே மூச்சில் பின்னினாள். ஒரு நாள் மகள் சொன்ன பகிடிக்கு வாய்விட்டுச் சிரித்து, வீரம்மாவிடம் ஏச்சு வாங்கினாள்: "மெதுவா சிரி. சீக்காளி மாதிரியா இருக்கு?"

கிராம சேவகர் வரவில்லை, நேர்முகத்துக்குக் கடிதம்தான் வந்தது. கொடுப்பனவு அலுவலகம் இரண்டாம் மாடியில். மாமியாரும் மருமகளும் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். படிக்கட்டில் நாகலெட்சுமி மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினாள். மேலே மேசைக்குப் பின்னால் லோஜன் என்ற இளம் உத்தியோகத்தர் இருந்தார். சட்டைக் கையை அழகாக மடித்துவிட்டிருந்தார்.

"நீங்களா நாகலெட்சுமி? யாரும் தூக்கிட்டு வரலையே?"

"இல்ல சேர். ஏறித்தான் வந்தேன்."

"அப்போ நடக்க ஏலும்."

"சேர், என்னைய இன்னைக்குப் பாக்காதீங்க. நாளைக்கு வந்து பாருங்க. இந்தப் படி ஏறுனதுக்கு நாலு நாள் எழும்ப மாட்டேன். டொக்டர் அதைத்தான் எழுதியிருக்காங்க."

லோஜன் கடிதத்தை வாசித்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. "அம்மா, நானும் லயத்துல பொறந்தவன்தான். எங்கம்மா முப்பது வருசம் கொழுந்து எடுத்துத்தான் என்னையப் படிக்க வச்சாங்க. ஒரு நாள்கூட களைப்புன்னு அவங்க வாயால வந்ததில்ல."

"நீங்க கேட்டிருக்கீங்களா, சேர்?"

அவள் அதை எதிர்த்துக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். லோஜன் பேனை மூடியைத் திருகினார். "இப்ப கேக்க அவங்க இல்ல. அம்பத்தோரு வயசுல போயிட்டாங்க" என்றார். பிறகு, இனி இந்தப் பக்கம் பேச்சு வேண்டாம் என்பதுபோல வீரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க மாமியா? வீட்டுல சமையல், தண்ணி, உடுப்புத் துவைக்கிறது எல்லாம் யார் பாக்குறது?"

பஸ்ஸில் வரும்போது பத்துத் தரம் சொல்லிப் பார்த்த பதில் வீரம்மாவிடம் இருந்தது. 'எங்க மருமகளால ஒண்ணும் ஏலாது சேர், எல்லாம் மகனும் நானுந்தான்' என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். எதிரில் படித்த பிள்ளை. பக்கத்துப் பெஞ்சில் வேறு தோட்டத்துச் சனம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. தன் மகன் குடம் தூக்குகிறான் என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"எங்க வீட்டு ஆம்பிளைங்க அடுப்படிப் பக்கம் வரமாட்டாங்க சேர்" என்றாள், முதுகை நிமிர்த்திக்கொண்டு. "நாங்க அப்படி வளக்கல. எல்லாம் அவதான் பாக்குறா."

நாகலெட்சுமி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். லோஜன் எழுதிக்கொண்டார்.

மறுநாள் அவளால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நான்கு நாள் என்று சொன்னாள். ஆறு நாள் ஆயிற்று. "அங்க போய் இப்படிப் படுத்திருந்தா தந்திருப்பானே" என்றான் ஜீவராஜ். லோஜனோ வேறு யாருமோ வந்து பார்க்கவில்லை.

பதில் மூன்றாம் வாரம் வந்தது. சுலக்ஷனா உரக்க வாசித்தாள். "'விண்ணப்பதாரி நாளாந்த வீட்டு வேலைகள் யாவற்றையும் தாமே செய்துகொள்ளக் கூடியவர் என்பது குடும்ப உறுப்பினரின் வாக்குமூலத்தால் உறுதிப்படுத்தப்பட்டுள்ளமையால், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'"

"வாக்குமூலமா? யார் குடுத்தது?" என்றான் ஜீவராஜ்.

வீரம்மா அடுப்பை ஊதுவதற்குக் குனிந்தாள். புகை ஒன்றும் பெரிதாக இல்லை. இருந்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, விடு. இல்லேன்னுட்டான். நாளையிலேருந்து பெரட்டுக்குப் போ" என்றான் ஜீவராஜ். "தண்ணியையும் நீயே பாத்துக்க. இத்தனை நாளா சனம் என்னையப் பாத்து உள்ளுக்குள்ள சிரிக்குது."

நாகலெட்சுமி கடிதத்தை மகளிடமிருந்து வாங்கினாள். "கடைசி வரியையும் வாசிச்சியா, பாப்பா?"

"மேன்முறையீடு செய்யலாம்னு போட்டிருக்கும்மா."

"கொப்பியை எடு. நான் சொல்றதை எழுது."

சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். வாக்குமூலம் தவறு. வீட்டில் தண்ணீர் எடுப்பது கணவர், சமைப்பது மாமியார், உடுப்புத் துவைப்பதும் கணவர். இதற்குச் சாட்சியாக இருவரும் கீழே கையொப்பமிடுகிறார்கள்.

"உடுப்பு நான் துவைக்கலையே" என்றான் ஜீவராஜ்.

"துவைங்க" என்றாள் நாகலெட்சுமி. "பொய்க் கையெழுத்து வச்சா கேசு வரும். இந்தத் தடவை சொல்லாமக் கொள்ளாம வந்து பாப்பாங்களாம்."

அவன் தாயைப் பார்த்தான். தாய் பேனையைப் பார்த்தாள். வீரம்மா தன் பெயரை எழுதப் படித்தவள். ஆனாலும் நான்கு எழுத்தை எழுத அன்று வெகுநேரம் எடுத்தது. 'ம்மா'வை முடிக்கும்போது, "இதை லயத்துல யாருகிட்டயும் காட்டிக்கிட்டுத் திரியாதீங்க" என்றாள். பிறகு ஜீவராஜும் போட்டான்.

"இதுக்குப் பதில் எப்ப வரும்?" என்று கேட்டான்.

"அன்னைக்கு ஒபீசுலயே கேட்டுட்டு வந்தேன். ஒரு வருசமாவது ஆகுமாம்" என்றாள் நாகலெட்சுமி.

"ஒரு வருசமா? அதுக்கப்புறமும் இல்லேன்னா?"

நாகலெட்சுமி கம்பளியை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. அந்த லயத்தில் அந்த நேரத்தில் படுத்திருந்த ஒரே பெண் அவள்தான்.

"அதுக்கும் மேல ஒரு எடம் இருக்காம்" என்றாள். "அங்க இன்னும் தாமதமாகுமாம்."