ஹசிந்தோவின் பெயரில் என் ரத்தம்

விடியும்போதே முதல் வரிசையை வெட்டி முடித்திருந்தோம். வெட்ட வசதியாய், தோகை கருக முந்தின நாள் கொளுத்திய கரும்புக்காடு. தூரில் இன்னும் சூடு ஆறவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் கரி பறந்து தொண்டையில் அப்பியது. எட்டு மணி வெயிலுக்கே, காட்டுக்கு அப்பால் நிற்கும் எரிமலை கண்ணுக்கு மங்கிவிட்டது. பக்கத்து வரிசையில் என் தங்கை டெல்மாவின் புருஷன் ஹசிந்தோ குனிந்தவன் நிமிரவில்லை. வாந்தி எடுத்தான். வீங்கின காலிலிருந்து பூட்ஸைக் கத்தியால் கிழித்துத்தான் கழற்றினோம்.

நிழலில் படுக்க வைக்கச் சொன்னார் மேஸ்திரி. அந்தக் காட்டில் நிழலுக்கு எங்கே போவது? கரும்பு லாரியிலேயே அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சேர்க்கும்போது டாக்டரம்மா எல்லாம் கேட்டார்: எத்தனை நாளாய்ச் சிறுநீர் குறைவு, வலிக்கு என்ன ஊசி போட்டான், பழைய ரத்தப் பரிசோதனை உண்டா. சர்க்கரை ஆலை கிளினிக்கில் வேலைக்குச் சேருமுன் எடுத்த சீட்டை டெல்மா நீட்டினாள். அதில், கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் ஒன்றுக்கும் கீழே. இப்போது எட்டு.

"ரெண்டு மாசம் முன்னால கிட்னி நல்லா இருந்திருக்கு. வெயில்ல தண்ணி வத்தி திடீர்னு அடிபட்டிருக்கு. இது சரியாகக்கூடியதும்மா."

டிரிப் ஏறியது. டெல்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தச் சீட்டில் இருந்தது என் ரத்தம். கிட்னி கெட்டவனை ஆலை சேர்க்காது. போன வருஷமே அவன் முடிவு மோசம். இந்த வருஷம் அவன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நான் போய்க் கையை நீட்டினேன். வெட்டுக்காரன் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? டெல்மாவுக்கு இது தெரியாது.

சொன்னால் என் வேலையும் போகும். பகல் முழுக்க வாய் திறக்கவில்லை. இறங்கின தண்ணீர் வெளியேறாமல் அவனுக்குள்ளேயே தேங்கியது. மாலையில் மூச்சு இரைத்தது. கண்ணை மூடினால், கண்ணாடிக் குழாயில் என் ரத்தம் அவன் பெயரை ஒட்டிக்கொண்டு நின்றது. பயந்துபோனேன்.

"டாக்டரம்மா, அது அவன் ரத்தம் இல்ல. என்னுது."

அவர் ஓடிப்போய் டிரிப்பை நிறுத்தினார். ஸ்கேனில் இரண்டு கிட்னியும் சுருங்கிக் கிடந்தன. பல வருஷ நோய். அவனை டயாலிசிஸில் போட்டார்கள். டெல்மா அந்தச் சீட்டை மடித்து என் கையில் திணித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை ஆலை வாசலில் மானேஜரிடம் ஹசிந்தோவின் பழைய முடிவுகளைக் கேட்டேன். வைத்தியத்துக்கு வேண்டும் என்றேன். ரத்தம் மாற்றிக் கொடுத்ததையும் மறைக்கவில்லை.

"அதெல்லாம் ஆலைச் சொத்து. தரமுடியாது."

"ரத்தம் அவனோடது, ரிப்போர்ட் மட்டும் உங்களுதா?"

"பித்தலாட்டம் பண்ணினவன் நீ. உனக்கு இனிமே வேலை கிடையாது. ஒருத்தன் திருட்டுத்தனத்துக்கு ஆலை பொறுப்பாகாது."

வரிசையில் நின்ற மூத்த வெட்டுக்காரர் பாவ்லீனோ கத்தியைத் தரையில் வைத்தார்.

"ஒருத்தன்னு யார் சொன்னது? எனக்கு என் தம்பி குடுத்தான்."

"என் ரத்தம் மூணு பேருக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சு. எனக்கு மட்டும் ஒரே கூலி," என்றான் பின்னால் ஒருவன். யாரோ சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு கத்தியாய்த் தரைக்கு வந்தது. எத்தனை பேர் என்று அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

பாவ்லீனோ சட்டைக் கையைச் சுருட்டினார். "இப்ப ரத்தம் எடுங்க, அவங்கவங்க பேர்லயே. எல்லார் முடிவும் எங்க கைக்கு வரணும். நிழலும் தண்ணியும் காட்டுக்கு வரணும். அப்புறம் கரும்பு."

மானேஜர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். லாரிகள் காலியாய் நின்றன. கிளினிக் ஜன்னலில் நர்ஸ் மட்டும் எட்டிப் பார்த்து, முதல் ஆளின் பெயர் என்ன என்று மெதுவாய்க் கேட்டாள்.

கையை நீட்டினேன்.

"எலிசேயோ மொராகா," என்றேன். என் பெயரைத்தான் சொன்னேன்.