ஓரத்தில் ஒன்பது புள்ளிகள்

...எழுதியது நான்தான், நீல மையில், ஓரம் விட்டு, தேதி போட்டு, 'காபி, டீ' என்ற கட்டத்தில் முப்பது நாளும் 'இல்லை' என்று... அதில் ஒன்பது நாள் பொய், முழுப் பொய் எழுதக் கை வராமல் அந்த ஒன்பதுக்கும் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. நர்ஸ் நோட்டைப் புரட்டுகிறார், "என்ன சார், அச்சடிச்ச மாதிரி இருக்கு!" பக்கத்தில் என் மனைவி, சால்வைக்குள் ஒடுங்கி, சுவரைப் பார்த்தபடி... வேறு மருந்தே இல்லை என்று கைவிரித்த பிறகு கிடைத்த ஒரே வழி இந்தச் சோதனை மாத்திரை, டாக்டர் படம் வரைந்து சொன்னாரே, புற்றுக்கட்டி அடினோசின் என்ற பொருளைக் கசியவிடும், எதிர்க்க வரும் வெள்ளணுவின் மேல் அதை வாங்கிக்கொள்ள ஏற்பிகள் உண்டு, காது மாதிரி, வாங்கியதும் வெள்ளணு அசந்து நின்றுவிடும், மாத்திரை அந்தக் காதை அடைக்கும், காபியும் அதே மாதிரிக் காதுகளில்தான் போய் உட்காரும், கலந்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது, ஒரு சொட்டும் கூடாது... தலையாட்டியவன் நான்தானே? பிறகு ஏன் கொடுத்தேன்? பகலெல்லாம் தூங்கிக்கொண்டே கிடந்தவள் ஒரு காலை கண் திறந்து, "நாக்கு செத்துப்போச்சுங்க, அரைக் கப்புதான்..." என்றாள், குடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள், "இதையும் ஓரம் விட்டு எழுதிடாதீங்க" என்று சிரித்தாள், அந்தச் சிரிப்புக்காக இன்னும் எட்டு நாள்...

"நிஜமாவே ஒரு வாய்கூட இல்லையாம்மா? குடிச்சிருந்தா மறைக்காம சொல்லிடுங்க. சோதனையில தொடர முடியாது, ஆனா யாரும் கோவிக்க மாட்டோம்." நர்ஸ் கேட்பது அவளிடம், எழுதியவனே சொல்லிவிடேன், வாயைத் திறந்துவிடேன், எதிரே நாலு நாற்காலியில் இதே மாத்திரையை நம்பி நாலு பேர், என் நோட்டையும் சேர்த்துத்தானே அவர்களுக்குக் கணக்குப் பார்ப்பார்கள்... அதற்குள் அவள், "குடிச்சேன்மா. ஒன்பது நாள். இவர் குளிக்கப் போற நேரத்துல நானே போட்டுக் குடிச்சேன். பாவம், இவருக்குத் தெரியாது." நானேவா? பால் பாத்திரத்தைத் தூக்க இரண்டு மாதமாய் அவளுக்குத் தெம்பேது? நர்ஸ் பேனாவை நீட்டுகிறார், அடித்துத் திருத்தி ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போடச் சொல்கிறார், முதல் 'இல்லை' மேல் கோடு இழுக்கிறேன்... தூக்கத்தில் கிழமைகூட நினைவில்லாதவள், ஒன்பது என்று நான் அவளிடம் சொன்னதே இல்லையே, அப்படியென்றால் புள்ளிகளைப் பார்த்திருக்கிறாள், தினமும் எடுத்துப் பார்த்திருக்கிறாள், நான் பொய் எழுதுவது தெரிந்தேதான் தினமும் காபி கேட்டாளா, என்னைக் காப்பாற்றுகிறாளா, இல்லை... சால்வை அசைகிறது, அவள் என் காதருகே குனிகிறாள், எத்தனையோ நாளாகக் கேட்காத தெம்பான குரல்:

"இனிமே காலைல முழுக் கப்பே தரலாம் இல்லீங்க?"

கோடு பாதியில் நிற்கிறது.