ஒன்றும் பதியாது என்ற இடம்

டொறீன் றத்தோட்டைப் பக்கத்திலிருந்து கல் சுமந்துவரத் தொடங்கியபோது, கண்டியில் அவள் படிப்பிக்கும் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரில் திருவானாக் கல் என்று சொல்லும் வெள்ளைப் படிகக் கல்தான் அது. கதிர்வீச்சு பட்டால் அந்தக் கல் அதில் ஒரு பங்கைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஒளியாக அதைத் திருப்பிக் கொடுக்கும். ஒளியை அளந்தால் எவ்வளவு கதிர் பட்டது என்று சொல்லிவிடலாம்.

டொலர் இல்லாமல் நாடு தடுமாறிய வருடத்தில்தான் அவளுக்கு இந்த எண்ணம் வந்தது. எக்ஸ்ரே அறைகளில் வேலை செய்கிறவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் கதிர் அளக்கும் பட்டிகள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அந்த வருடம் சின்ன கிளினிக்குகள் பலவற்றுக்கு அவை வந்து சேரவில்லை. நம்முடைய மண்ணிலேயே கிடக்கும் கல்லில் அதைச் செய்ய முடியாதா என்று டொறீன் கேட்டுப் பார்த்தாள். கேட்டவர்கள் சிரிக்கவில்லை என்றாலும் நம்பவுமில்லை. ஒரு பாறையின் கல் மாதிரி இன்னொரு பாறையின் கல் இருக்காது, பிடித்த கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டும் விடும் என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் அல்ல. கல்லைப் பொடித்து, அமிலத்தில் கழுவி, உலையில் வைத்து, பழைய கதிர்வீச்சையெல்லாம் வெளியேற்றி, வில்லையாக அழுத்தி எடுப்பதற்குள் அவளுக்கு மூன்று வருடம் ஓடிவிட்டது. அனுப்பிய ஆய்வுக் கட்டுரை இரண்டு தடவை திரும்பி வந்தது.

வில்லைகளை உண்மையான இடமொன்றில் வைத்துப் பார்க்கவேண்டிய கட்டம் வந்தபோது, மாத்தளை டவுனில் டொக்டர் மாணிக்கவாசகத்தின் கிளினிக் ஞாபகம் வந்தது. தகப்பன் ரபாயேலை இருமலுக்காக அடிக்கடி அங்கேதான் கூட்டிப்போவாள். டொக்டர் மறுக்கவில்லை. தன்னுடைய வழக்கமான பட்டிகளும் இந்தத் தடவையும் வந்து சேராமல் கிடக்கின்றன, இதையாவது மாட்டிப் பாருங்கள் என்றார். எக்ஸ்ரே அறைக்குள் சில வில்லைகள், படம் எடுப்பவர் நிற்கும் மறைப்புக்குப் பின்னால் சில. கறுப்புத் தாளில் சுற்றிய இன்னொரு வில்லையை ஒன்றுமே பதியாது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் தொங்கவிட வேண்டும், மற்றவற்றை அதோடு ஒப்பிடத்தான். அதற்கு நம்பர் கொடுக்கும் மேசையைத் தெரிந்தெடுத்தாள். எக்ஸ்ரே அறைக்கும் அந்த மேசைக்கும் நடுவில் கனமான சுவர் இருந்தது.

அந்த மேசையில் இருந்தவள் றிஸ்மியா, வரக்காமுறை ஊர்ப் பிள்ளை. நோயாளிகளிடம் முகம் சுளிக்காமல் பேசுவாள், வயசாளிகள் வந்தால் எழுந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். தான் இருக்கும் கதிரைக்குப் பின்னால் சுவரில் அந்த வில்லையை மாட்டட்டுமா என்று டொறீன் கேட்டதும், தாராளமா மாட்டுங்க மிஸ் என்றாள்.

மூன்று மாதம் கழித்து டொறீன் வில்லைகளை எடுக்க வந்தபோது றிஸ்மியாவின் வயிறு வெளியே தெரிந்தது. கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை என்று அவள் வெட்கத்தோடு சொன்னாள். டொறீன் சந்தோசப்பட்டு, இனிப்பாக ஏதாவது வாங்கித் தராமல் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் வில்லைகளைச் சூடாக்கினாள். எக்ஸ்ரே அறைக்குள் இருந்தவை எதிர்பார்த்தபடியே ஒளிர்ந்தன. மறைப்புக்குப் பின்னால் இருந்தவற்றில் அனேகமாக ஒன்றுமில்லை. கடைசியாக, ஒன்றும் பதியாது என்று வைத்த வில்லையைச் சூடாக்கியபோது திரையில் கோடு ஏறிக்கொண்டே போனது.

முதலில் அவளுக்கு வந்தது சலிப்புத்தான். மூன்று வருட உழைப்பும் வீணாகிவிட்டது, எல்லோரும் சொன்னது சரி, கல்லை நம்ப முடியாது என்று நினைத்தாள். பிறகு அதே வில்லைக்கு, அளவு தெரிந்த கதிர்வீச்சைக் கொடுத்து மறுபடி சூடாக்கினாள். கொடுத்த அளவை அது அச்சொட்டாகச் சொன்னது. இன்னொரு தடவை செய்தாள், அப்போதும் அதே விடை. வில்லையில் பிழை இல்லை. அப்படியென்றால் பிழை சுவரில் இருக்கவேண்டும், அந்தச் சுவரில் சாய்ந்துதான் றிஸ்மியா தினமும் இருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வேறு கருவியால் சோதிக்காமல் வாயைத் திறப்பது விஞ்ஞானிக்கு அழகில்லை என்று அவளுக்குத் தெரியும். நிச்சயமாகும்வரை பொறுக்கவும் மனம் கேட்கவில்லை. கண்டியிலிருந்து பஸ் ஏறி, வீட்டுக்கும் போகாமல் நேராகக் கிளினிக்குக்குப் போனாள். றிஸ்மியாவை வெளியே கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

“எனக்கு இன்னும் முழு நிச்சயம் இல்ல, றிஸ்மியா. என்னோட கல்லு பிழையாகவும் இருக்கலாம். ஆனா அது தெரியிற வரைக்கும் நீங்க அந்த மேசையில இருக்க வேணாம். இப்பவே வேற பக்கம் மாறிக்கோங்க.”

றிஸ்மியா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கைப்பையை எடுத்துக்கொண்டு மருந்து கொடுக்கும் பக்கம் போய் இருந்தாள். அவளுடைய கை வயிற்றை விட்டு நகரவில்லை.

டொறீன் விசயத்தைச் சொன்னதும் டொக்டருக்குக் கோபம் வந்தது. சுவர் கட்டி முடிந்ததும் எல்லாம் பார்த்துத்தான் அறையைத் திறந்தோம், பரிசோதனைக் கட்டத்தில் இருக்கிற கல்லை நம்பி ஆட்களைப் பயமுறுத்தலாமா என்றார். டொறீன் வாதாடவில்லை. நாளைக்குக் கதிர்வீச்சைக் காட்டும் கருவி ஒன்றோடு வருகிறேன், அதுவும் இல்லை என்று சொன்னால் நானே மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள்.

மறுநாள் நோயாளி இல்லாமலே எக்ஸ்ரேயைப் போட்டுப் பார்த்தார்கள். மேசைக்குப் பின்னால் டொறீனும் டொக்டரும் கருவியோடு நின்றார்கள். சுவரின் மற்ற இடங்களில் கருவி அசையவில்லை. கதிரையில் இருப்பவரின் முதுகு வரும் உயரத்தில், ஒரு கதவகல இடத்தில் மட்டும் முள் துள்ளியது. டொக்டர் விரலை மடக்கி அந்த இடத்தில் தட்டினார். உள்ளே வெறுமையாகக் கேட்டது. முன்பு அங்கே ஒரு கதவு இருந்தது. கிளினிக்கைப் பெருப்பித்தபோது மேஸ்திரி கதவைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, மேலே பூசி, வண்ணம் தீட்டிவிட்டிருந்தான். கதவோடு சேர்ந்து அதில் இருந்த, கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயத் தகடும் போய்விட்டது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

டொக்டர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

“இந்தச் சுவத்த தெனமும் பாத்துக்கிட்டுத்தான் போறேன் வாறேன், மிஸ். நேத்து உங்க மேல கோவப்பட்டத மனசுல வச்சுக்காதீங்க.”

அந்த நிமிடமே அறையைப் பூட்டச் சொன்னார். சுவருக்கு ஈயம் போட்டு, அதற்குப் பொறுப்பானவர்கள் வந்து அளந்து சரி என்று சொல்லும்வரை, எக்ஸ்ரே தேவைப்பட்டவர்களையெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பினார். மேசைப் பக்கம் இருந்த எல்லோருக்கும் நடந்ததை அவரே நின்று விளக்கினார்.

அதற்குள் றிஸ்மியாவின் வீட்டில் பயம் புகுந்துவிட்டது. பிள்ளை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிடுவதுதான் நல்லது என்று யாரோ ஒரு சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளும், புருசன் ஹுஸ்னியும், மாமியார் ஸைனம்புவும் டொறீனின் வீடு தேடி வந்தார்கள். ஹுஸ்னி ஒரு மசாலா வியாபாரியிடம் வேன் ஓட்டுகிறவன். வந்ததிலிருந்து அவன் நிமிரவேயில்லை. ரபாயேல் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. ஸைனம்புதான் கேட்டாள்.

“மிஸ், மறைக்காம சொல்லுங்க. புள்ளக்கி ஏதும் ஆகுமா?”

“மறைக்க மாட்டேன், உம்மா. படக்கூடாத கதிர் பட்டிருக்கு, அது நடந்திருக்கவே கூடாது. சட்டத்துல விடுற அளவ விட அது கூடத்தான். ஆனா பிள்ளைக்குக் கெடுதி செய்யிற அளவுன்னு ஒண்ணு இருக்கு. இது அதுக்குக் கிட்டக்கூடப் போகல. நான் கணக்குப் பாத்தேன். என் கணக்க மட்டும் நம்பாம, கொழும்புல கான்சர் ஆஸ்பத்திரியில இதே வேலை பாக்குற ரெண்டு பேருகிட்டயும் குடுத்துப் பாத்தேன். அவங்களும் இதையேதான் சொல்றாங்க. பிள்ளையக் கலைக்கிற பேச்சே வேணாம்.”

ஹுஸ்னி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். றிஸ்மியா அழவில்லை. அந்த வில்லையைப் பார்த்து மற்றவர்கள் தாயத்து என்று கேலி பண்ணியதையும், சுவருக்கு மறுபடி வண்ணம் தீட்ட வந்தவன் அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போடப் பார்த்ததையும், மிஸ் மாட்டிய இடத்தில்தான் இருக்கவேண்டும் என்று தான் மறித்ததையும் சொன்னாள். அது லாச்சிக்குள் போயிருந்தால், எதிர்பார்த்தபடியே ஒன்றும் பதியவில்லை என்று எழுதிவிட்டு, வெற்றி என்று டொறீனும் சந்தோசப்பட்டிருப்பாள்.

“அப்படின்னா இன்னும் இன்னும் கதிர் படாம உங்க பிள்ளையக் காப்பாத்தினது நீங்கதான். என்னோட வேலையையும் காப்பாத்திட்டீங்க” என்றாள்.

மாதம் நிறைந்து பெண் பிள்ளை பிறந்தது. ஒரு குறையுமில்லை. செய்தி வந்த காலையில் டொறீன் விரிவுரைக்குப் பிந்திப் போனாள். வழியில் மாதா கோவிலுக்குள் நுழைந்தவளுக்கு, என்ன சொல்லி வேண்டுவது என்று தெரியாமல், ஸ்தோத்திரம் ஆண்டவரே என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லத்தான் முடிந்தது. திரும்பி வந்த கட்டுரையும் அந்த வருடம் அச்சேறியது. அதைவிட அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. பல்லேபொலையிலிருந்தும் வில்கமுவையிலிருந்தும்கூட, எங்கள் சுவரையும் ஒரு தடவை பாருங்கள் என்று கிளினிக் நடத்துகிறவர்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். அவர்களிடமெல்லாம் நடந்ததை மூடிமறைக்காமல் சொல்லி அவளை அனுப்பிவைத்தவர் டொக்டர் மாணிக்கவாசகம்தான்.

பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் விருந்துக்கு, றிஸ்மியா வீட்டார் டொறீனை வரக்காமுறைக்கு வரச்சொன்னார்கள். டொக்டரும் வந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் பாய் விரித்து, பலர் சேர்ந்து கை வைக்கும் சஹன் தட்டங்களை வைத்தார்கள். டொறீனுக்குத் தனிப் பீங்கான் தட்டு கொண்டுவரட்டுமா என்று ஒருத்தி கேட்டாள். ஸைனம்பு வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, டொறீனைத் தனக்குப் பக்கத்தில் இருத்தினாள். ஒரே தட்டத்தில் அவளும் றிஸ்மியாவும் டொறீனும் கை வைத்தார்கள். இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்துப் பார்த்து ஸைனம்பு அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். நீங்க நல்லா இருக்கணும் என்று ஒரு தடவைதான் சொன்னாள். டொறீன் தலையை ஆட்டிவிட்டு, தள்ளிய துண்டையெல்லாம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். உள்ளறையில் பிள்ளை விழித்துக்கொண்டு பசிக்கு அழத் தொடங்கியது. றிஸ்மியா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள்.