அக்கா சொல்லிக் கொடுத்தது

நேர்காணலுக்குக் கிளம்பும்போதே தம்பி முரண்டு பிடித்தான். "அக்கா, இப்போ புது விதி வந்திருக்கு. ஜெயிலுக்குப் போனவங்களுக்கும் நகராட்சி வேலை உண்டாம். உள்ளதைச் சொல்லிடறேனே."

"விதியாவது மண்ணாங்கட்டியாவது," என்றேன். விடுதலையாகி வந்ததிலிருந்து எத்தனை இடத்தில் அவனை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள் என்று எனக்குத்தானே தெரியும்? "எங்க வேலை கத்துக்கிட்டேன்னு கேட்டா அக்கா கடையிலன்னு சொல்லு. வேற ஏதாவது உளறினே, வீட்டுப் பக்கம் வராதே."

என் கடை மிக்ஸி, மின்விசிறி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடை. வீட்டுக்காரர் இறந்தபிறகு நான்தான் நடத்துகிறேன். வேலை கற்ற இடத்து முதலாளியையும் கூட்டிவரச் சொல்லியிருந்ததால், முதலாளி என்று நானும் கூடப் போனேன்.

நகராட்சித் தண்ணீர் நிலையத்தில் முதலில் கைவேலைத் தேர்வு. ஓடாமல் கிடந்த பெரிய பம்ப் மோட்டாரைப் பிரித்து, பேரிங் மாற்றி, ஓடவிட்டான். எனக்குப் பெருமையும் தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை. பிறகு அவனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். உளறியிருப்பானோ? மாட்டான். சின்ன வயதிலிருந்தே நான் கிழித்த கோட்டைத் தாண்டாதவன். தாண்டியது ஒரே ஒரு தடவை, அதற்குத்தான் உள்ளே கிடந்து அனுபவித்துவிட்டானே.

அவனைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு என்னை அழைத்தார்கள். பொறியாளர் தன்மையான மனிதர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க தம்பிக்கு நல்ல கைத்திறமை இருக்கும்மா. ஆனா மிக்ஸி கடையில இவ்வளவு பெரிய மோட்டாரைப் பழக முடியாதே? எங்க பழகியிருந்தாலும் சொல்லலாம். ஜெயிலா இருந்தாலும் தடையில்லை, விதியே மாறிடுச்சு."

என் மனசு அப்படியே இளகிவிட்டது. இதை ஒரு மனுஷனாவது சொல்ல மாட்டானா என்று எவ்வளவு ஏங்கியிருப்பேன். "ஜெயில்லதான் சார்," என்றேன். "அங்க தண்ணி பம்ப் பூரா இவன்தான் பார்த்துக்கிட்டான்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க கடையில மட்டும்தான் கத்துக்கிட்டேன்னு இப்பதாம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டார். உங்ககிட்ட சொன்னதையேதான் அவர்கிட்டயும் சொன்னேன். ரெண்டு தடவை கேட்டேன்." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "தண்டனை அனுபவிச்சவங்களை எடுக்கலாம்னு விதி வந்திருக்கு. பொய் எழுதிக் குடுத்தவங்களை எடுக்கலாம்னு வரலையே."

"நான்தான் சார் அப்படிச் சொல்லச் சொன்னேன். அவன் மாட்டேன்னுதான் சொன்னான்," என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வந்தேன். தம்பி முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தான்.

"பயப்படாதேக்கா. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னேன், ஒரு வார்த்தை பிசகல."