காதுப் பெட்டியும் ஆறு ஓட்டை சார்ஜரும்

நாஸியாவுக்குத் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே! ஜொகூர் பாரு பக்கம் தம்போயில் சொந்தமாகக் கடை போட்டு, செத்துப்போன போனையும் லேப்டாப்பையும் பிழைக்கவைத்துப் பெயர் வாங்கியவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இல்லாவிட்டால்தான் தப்பு. தங்கை ஆப்ரினின் நிக்காஹுக்காகப் பாலோவிலுள்ள தாய்வீட்டுக்குக் கிளம்பியபோதும், பட்டுச் சேலைக்கு அடியில் பேனா அளவில், ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டுதான் வந்தாள். "கல்யாணத்துக்கு வந்தியா, கடை தொறக்க வந்தியா?" என்று உம்மா காதர் பீவி கேட்டதை அவள் சட்டை செய்யவில்லை.

உம்மாவுக்கு மகளின் தொழில் பிடிக்காது. யாராவது விசாரித்தால், "பெரியவளுக்கு கம்ப்யூட்டர்ல வேலை" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அது நாஸியாவுக்குத் தெரியும். உறைக்கவும் செய்யும்.

நிக்காஹ் அன்று காலை வம்பு வாசலிலேயே வந்தது. வாப்பா அமானுல்லாவுக்கு இரண்டு காதும் மந்தம். சட்டைப்பையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் காதுக்கு ஏறும். வீட்டில் அதற்குக் காதுப் பெட்டி என்று பெயர். ஈப்போவிலிருந்து வந்த சாச்சா, அண்ணனைப் பார்த்த பாசத்தில் நெஞ்சோடு சேர்த்து ஓர் இறுக்கு இறுக்கினார் பாருங்கள், வயர் சொருகும் முனை பெட்டிக்குள் மடக்கென்று முறிந்துவிட்டது. பாசம் வைக்கலாம், அதற்காக ஆளை நசுக்குவதா? அத்தோடு வாப்பாவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

நிக்காஹ் நடத்த வந்த தோக் காடி நல்ல மனிதர். அடுத்ததாகக் குளுவாங்கில் இன்னொரு நிக்காஹ் அவருக்குக் காத்திருந்தது. "தாக் அபா, பாச்சிக்", பரவாயில்லை பெரியவரே, என்று மலாயில் சொல்லி வாப்பாவின் தோளைத் தட்டி, போனில் எழுதிக் காட்டினார்: தகப்பன் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தால், உங்கள் இடத்திலிருந்து நானே பெண்ணைக் கொடுத்துவிடுகிறேன். ஊரில் நடக்காத வழக்கமில்லை.

வாப்பா படித்தார். பிறகு, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், "நான் பெத்த மகள நான்தான் கொடுப்பேன். ஏத்துக்கிட்டேன்னு மாப்பிள்ளை சொல்றத என் காதால கேக்கணும்!" என்றார். அவர் கண்கள் சுற்றுமுற்றும் தேடின. "நாஸியா எங்க?"

அந்த ஒரு கேள்வியில் நாஸியாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இங்க இருக்கேன் வாப்பா! இது ஒரு வேலையா? இப்பவே முடிச்சுத் தர்றேன்!" என்று கூடமே கேட்க அறிவித்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

சாப்பாட்டு மேசையில் பெட்டியைத் திறந்தாள். முனையின் கால் உள்ளே இருந்த சர்க்யூட் பலகையிலிருந்து பெயர்ந்து நின்றது. ஈயத்தை உருக்கி ஒட்டவைத்தால் போதும். ஆனால் அயர்னோடு கொண்டுவர வேண்டிய பெரிய சார்ஜர் தம்போய்க் கடையில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியின் மேல் உம்மாவின் ஆறு ஓட்டை சார்ஜர் இருந்தது. அதில் தொங்கிய வயரையே இழுத்து மாட்டினாள். அயர்னின் குட்டித் திரையில் ஐந்து வோல்ட் என்று வந்தது. அந்தச் சூட்டில் ஈயம் என்ன, ஐஸ்கட்டிகூட யோசித்துத்தான் உருகும்.

"மூளை எங்க போச்சு எனக்கு?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அது ஒரு முனை பழைய தட்டை முனையாக இருக்கும் வயர். எனக்கு இருபது வோல்ட் வேண்டும் என்று அயர்ன் கேட்கவும், சரி என்று சார்ஜர் சொல்லவும் இரண்டு முனையும் டைப் சியாக இருக்க வேண்டும். பையிலிருந்து தன் வயரை எடுத்து மாற்றினாள். இருபது வந்தது. அயர்னின் முனை சட்டென்று சூடேறியது. உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

ஈயம் பளபளவென்று இளகும் நேரத்தில் திரை அணைந்தது. மறுபடி எரிந்தபோது ஒன்பது வோல்ட். ஈயம் பாதியில் உறைந்து நின்றது.

வயரை அசைத்துப் பார்த்தாள். அயர்னின் முனையைக் கழற்றி மாட்டினாள். பக்கத்தில் நின்ற பையனிடம் சார்ஜரை வேறு பிளக்கில் குத்தச் சொன்னாள். இருபது வந்தது, கை வைத்தாள், மறுபடி அணைந்தது. நாஸியாவுக்கு வியர்த்துவிட்டது. பலகையில் ஒட்டியிருக்கும் செம்புப் பட்டை தலைமுடி மாதிரி மெல்லியது. இப்படி அரைகுறையாகச் சுட்டுச் சுட்டு ஆறவிட்டால் பெயர்ந்து வந்துவிடும். அப்புறம் பெட்டியைக் குப்பையில்தான் போட வேண்டும். கூடத்தில் தோக் காடி மணி பார்த்துக்கொண்டிருந்தார். வாப்பா மட்டும் மகளைப் பார்த்துச் சிரித்தார். அந்த நம்பிக்கையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

'யா அல்லாஹ், கூடத்தில் அத்தனை பேர் முன்னால் பீற்றிக்கொண்டேனே!'

மூன்றாம் முறை திரை அணைந்தபோது அவள் அயர்னைப் பார்க்கவில்லை, காதைத் தீட்டினாள். முதுகுக்குப் பின்னால் உம்மாவின் குரல் தேனாக ஒழுகியது. "குடுங்க தம்பி போனை, சார்ஜ் போடுறேன். ஜொகூர் பாருலேர்ந்து வந்திருக்கீங்க, பேட்டரி தீர்ந்திருக்குமே!"

நாஸியா திரும்பிப் பார்த்தாள். அவள் வயர் போக மீதி ஐந்து ஓட்டையிலும் விருந்தாளிகளின் போன்கள். வருகிறவர் கையில் சர்பத்தைக் கொடுத்து, மறு கையால் போனை வாங்கிச் சொருகுவது உம்மாவின் உபசாரம். இடமில்லையென்றால் நிரம்பியதை எடுத்துவிட்டுப் புதியதைச் சொருகுவார்.

"உம்மா! நீங்கதானா?"

"நான் என்னடி செஞ்சேன்?"

"இது ஒரே சஹன் தட்டுல எல்லாரும் சாப்பிடுற மாதிரிம்மா. புதுசா ஒருத்தர் வந்து உக்காந்தா எல்லாரும் கைய எடுக்கணும், மறுபடி பங்கு பிரிக்கணும். ஒவ்வொரு போன் சொருகும்போதும் சார்ஜர் எல்லாரையும் நிறுத்திட்டு மறுபடி பங்கு போடுது. என் பங்கு கொறஞ்சிடுது. எல்லாத்தையும் கழட்டுங்க!"

"அலமாக்! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க போனைப் பிடுங்குறதா? சோத்துல கை வச்சவனை எழுப்பி விடுற மாதிரி ஆயிடும்டி. நாளைக்கு என் மூஞ்சில முழிப்பாங்களா?"

"வாப்பா மூஞ்சிய பாருங்க."

காதர் பீவி பார்த்தார். கணவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு, யார் என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். ஒவ்வொரு போனாகப் பிடுங்கி முந்தானையில் அள்ளிக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க!" என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னார். "என் பெரிய மக ரிப்பேர் வேலை பாக்குறவ. தம்போயில சொந்தக் கடை. இப்ப அவ வேலை பாக்குறா. முடியிற வரைக்கும் இந்த சார்ஜர்கிட்ட ஒருத்தரும் வரக் கூடாது. மாப்பிள்ளையா இருந்தாலும் சரி!"

சொல்லிவிட்டு அலமாரிக்கு முன்னால் காவலுக்கு நின்றார். நாஸியாவுக்குக் கண்ணாடிக்குள் கண் கலங்கியது. கலங்கினால் வேலை நடக்காது என்று துடைத்துக்கொண்டு குனிந்தாள். இருபது வோல்ட் அசையாமல் நின்றது. ஈயம் இளகிப் பரவி, முறிந்த காலைச் சுற்றி அழகாக அமர்ந்தது. ஊதாமல் ஆறவிட்டாள். மூடியைப் பூட்டி, வயரைச் சொருகி, வாப்பாவின் காதில் மாட்டினாள்.

"வாப்பா! கேக்குதா?"

"எதுக்குக் கத்துற?" என்றார் அமானுல்லா, தணிந்த குரலில். "நல்லாக் கேக்குது."

மாப்பிள்ளை அஹ்னாஃபின் கையை வாப்பாவே பிடித்தார். தோக் காடி சொல்லிக்கொடுக்க, தன் மகளை அவரே கொடுத்தார். அஹ்னாஃபுக்குப் பயம். ஏற்றுக்கொண்டேன் என்று அவன் சொன்னது பக்கத்திலிருந்த சாட்சிகளுக்கே சரியாக எட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கேட்டுச்சு!" என்றார் வாப்பா. "எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு!"

பெண்ணின் தகப்பனை யாரும் சாட்சி கேட்பதில்லை. தோக் காடி சிரித்துவிட்டு, இன்னொரு தரம் சத்தமாகச் சொல்லும்படி மாப்பிள்ளைக்குச் சைகை காட்டினார். அஹ்னாஃப் இந்த முறை தெருவுக்கே கேட்கச் சொன்னான். "சாஹ்", செல்லும், என்றார்கள் சாட்சிகள். திரைக்குப் பின்னால் ஆப்ரின் தன் லாத்தா நாஸியாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். தான் அழவே இல்லை என்று நாஸியா இன்றைக்கும் சாதிப்பாள். நம்பாதீர்கள்.